கான்ஸ்டான்ஷியா என்பது யார் பெயர்?

கேப்டவுனுக்குச் சுற்றுலா போய்வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "க்ரூட் கான்ஸ்டான்ஷியா என்ற பழைய ஒயின் தோட்டத்தைப் பார்த்தேன். அதை உருவாக்கிய டச்சு கவர்னர் தன் மனைவியின் பெயரைத்தான் தோட்டத்துக்கு வைத்தார் என்று கூட வந்த வழிகாட்டி சொன்னார். அந்தக் கவர்னரின் உடம்பில் ஓடியது தமிழ் ரத்தம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்தது. இதில் எது உண்மை? பக்கத்திலேயே க்ளைன் கான்ஸ்டான்ஷியா என்று இன்னொன்றும் இருக்கிறதே, அது ஏன்?"

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு பெயரைப் பற்றிய கேள்வி. ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெயர் எங்கிருந்து வந்தது, அதை வைத்தவர் யார் வீட்டுப் பிள்ளை, அந்த மண்ணில் நம்மவர்களுக்குப் பங்கு உண்டா என்பவைதான் அவை. மூன்றாவதைக் கேட்கத்தான் அவர் முதல் இரண்டையும் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சோழமண்டலக் கரையின் ஊர்ப் பெயர்களுக்காக டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை இருபது வருடமாகப் படித்துவருகிறேன். பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடிதான் என் களம். கம்பெனிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையில் நின்று தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தன என்பதால், நம் கரையைப் படிப்பவன் கேப்டவுனையும் படிக்காமல் இருக்க முடியாது. ஒயினின் ருசி, தரம் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாதவை. கம்பெனி அந்த முனையில் 1652இல் குடியேறியது. அங்கே விளைந்த திராட்சையிலிருந்து முதன்முதலாகச் சாறு பிழிந்ததை 1659 பிப்ரவரி 2 அன்று, அங்கே முதல் தலைவராக இருந்த யான் வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதே வருடம்தான் அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய்கோய் மேய்ச்சல்காரர்களுக்கும் கம்பெனிக்கும் முதல் சண்டை மூண்டது. வெள்ளைக்காரர்கள் உழ ஆரம்பித்த நிலம் கோய்கோய்களின் மாடு மேய்ந்த நிலம். தோட்டத்தின் வரலாற்றை 1685இலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முன் அது வெறும் பொட்டல் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1679 அக்டோபரில் சீமோன் வான் டெர் ஸ்டெல் முனையின் தலைவராக வந்து இறங்கினார். வந்த சூட்டோடு ஒரு குடியிருப்பை அமைத்து ஸ்டெலன்போஷ் என்று பெயரிட்டார். ‘ஸ்டெலின் காடு’ என்று பொருள். இன்று கடற்படைத் தளம் இருக்கும் சைமன்ஸ் டவுனும் அவர் பெயரில்தான் நிற்கிறது. தன் பெயரை நிலத்தில் பதிக்கத் தயங்காத மனிதர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1685 ஜூலை 13 அன்று டேபிள் மலையின் பின்பக்கச் சரிவில் 891 மோர்கன் நிலம் அவருக்கு மானியமாகக் கிடைத்தது. மோர்கன் என்றால் டச்சு மொழியில் காலை. ஓர் ஆள் ஒரு காலைப்பொழுதில் உழக்கூடிய நிலம் ஒரு மோர்கன். இன்றைய கணக்கில் மொத்தம் சுமார் 763 ஹெக்டேர். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் ஏறத்தாழ 280 வேலி. ஒரு கம்பெனி உத்தியோகஸ்தருக்கு இது மிகப் பெரிய கொடை.

கொடுத்தவர் யார் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. கையெழுத்திட்டவர் ஹென்றிக் அட்ரியான் வான் ரீட். கேரளத்தில் இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. கொச்சியில் கம்பெனியின் தலைவராக இருந்தபோது, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் மூன்று கொங்கணிப் பிராமணர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, 12 தொகுதிகளில் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற மூலிகை நூலைத் தொகுத்தவர். 1684இல் கம்பெனி அவரைப் பெரிய அதிகாரத்தோடு கிழக்கே அனுப்பியது. சோழமண்டலம், வங்காளம், இலங்கை, மலபார் எங்கும் போய் ஊழலை விசாரிப்பது அவருடைய வேலை. போகும் வழியில் 1685இல் முனையில் சில மாதங்கள் தங்கினார். கப்பலேறப் போகும் கடைசி நாட்களில்தான் இந்த மானியத்தைக் கொடுத்தார். பிறகு நம் பக்கம் வந்து, கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றியவரும் இவரே. 1691இல் கடலில் இறந்தார், சூரத்தில் அடக்கம். கான்ஸ்டான்ஷியாவின் பத்திரமும் நாகப்பட்டினத்தின் உயர்வும் ஒரே கையிலிருந்து வந்தவை. தமிழ் வாசகர்கள் இந்தத் தோட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான் என்பேன்.

இனி பெயருக்கு வருவோம். வழிகாட்டி சொன்ன மனைவிக் கதையை உடனே ஒதுக்கிவிடலாம். வான் டெர் ஸ்டெலின் மனைவி பெயர் யோஹன்னா யாக்கோபா சிக்ஸ். ஆம்ஸ்டர்டாமில் பெரிய இடத்துப் பெண். கணவரோடு அவர் ஆப்பிரிக்காவுக்கு வரவே இல்லை. இவர் இங்கே, அவர் அங்கே என்றே காலம் போனது. கடல் கடந்து தனியாக இருந்த கணவன் மனைவியின் ஞாபகமாகத் தோட்டத்துக்குப் பெயர் வைத்தான் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் பெயர் கான்ஸ்டான்ஷியா இல்லையே.

அதிகம் புழங்கும் இரண்டாவது கதை: கம்பெனியின் பெரிய மனிதர் ரைக்லோஃப் வான் கூன்ஸின் மகள் பெயர் கான்ஸ்டான்ஷியா, நிலம் கேட்டபோது வான் கூன்ஸ் ஆதரித்ததால் நன்றிக்கடனாக அந்தப் பெயர் வந்தது என்பது. தோட்டத்தைப் பற்றிய பல எழுத்துகளில் இதைப் பார்க்கலாம். வான் கூன்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம் காது நிமிர வேண்டும். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் நான்கையும் ஒரே ஆண்டில் பிடித்த தளபதி அவர்தான். ஆனால் அவர் 1682லேயே ஆம்ஸ்டர்டாமில் இறந்துபோனார். மானியமோ 1685இல். ஆகவே இந்தக் கதை நிற்க வேண்டுமானால், அதே பெயர் கொண்ட அவருடைய மகனை, தந்தைக்குப் பின் இலங்கையில் கவர்னராக இருந்தவரை, ஆதரவாளராகச் சொல்ல வேண்டும். தந்தை, மகன் இருவரையும் பல எழுத்துகள் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

இதில் இன்னொரு நெருடலும் உண்டு. அதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். வான் ரீடுக்கும் வான் கூன்ஸ் குடும்பத்துக்கும் ஆகாது. மலபாரைப் பிடித்தபோது ஒன்றாகச் சண்டையிட்டவர்கள்தான். ஆனால் பின்னால் பெரிய வான் கூன்ஸ் கொழும்பை மையமாக வைத்து எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்றார், வான் ரீட் அதைக் கடுமையாக எதிர்த்தார். இருவரும் கம்பெனி மேலிடத்துக்கு ஒருவர்மேல் ஒருவர் எழுதிக்கொண்ட குற்றச்சாட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. அப்படி இருக்க, நிலத்தைக் கொடுக்கும் வான் ரீடின் முகத்துக்கு எதிரே அவருடைய எதிரி வீட்டுப் பெண்ணின் பெயரை வான் டெர் ஸ்டெல் வைத்திருப்பாரா? காரியவாதி ஒருவர் அப்படிச் செய்வது கஷ்டம். இது நிரூபணம் ஆகாது என்று எனக்குத் தெரியும். மானியம் கிடைத்து, வான் ரீட் கப்பலேறிப் போன பிறகு பெயர் வைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. என்றாலும் வான் கூன்ஸ் மகள் கதையை உறுதிப்பட்ட செய்தி போல எழுதுகிறவர்கள் இந்தப் பகையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, கான்ஸ்டான்ஷியா என்ற கம்பெனிக் கப்பலின் பெயர் என்பது. கப்பல் பெயர் நிலத்துக்கு வருவது கம்பெனி உலகத்தில் நடக்கக்கூடியதுதான். ஆனால் இந்தக் கவர்னருக்கு அந்தக் கப்பலோடு என்ன தனி உறவு என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

நான்காவது, அது யார் பெயரும் அல்ல, ஒரு குணத்தின் பெயர் என்பது. லத்தீனில் ‘கான்ஸ்டான்ஷியா’ என்றால் நிலைகுலையாமை, உறுதி. எது வந்தாலும் அசையாமல் நிற்பது. ‘நிலையின் திரியாது’ என்று நம்மிடம் சொல்வோமே, அதற்கு மிக நெருக்கம். இந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்து டச்சுக்காரர்களிடம் தனி மதிப்பு இருந்தது. ஸ்பெயினோடு நடந்த நீண்ட போரின் நடுவில், 1584இல், லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த யூஸ்டஸ் லிப்சியஸ் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். நாடு பற்றி எரியும்போது மனிதன் மனத்தை எப்படி நிலையாக வைத்துக்கொள்வது என்பதைப் பேசும் நூல் அது. ஐரோப்பா முழுவதும் பரவியது. படித்த டச்சுக் குடும்பங்களில் அந்தச் சொல் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. பெண் குழந்தைகளுக்கும் கப்பல்களுக்கும் அந்தப் பெயர் போனதுகூட அதனால்தான். அதாவது இரண்டாவது, மூன்றாவது கதைகளுக்கும் ஊற்று இதுவே.

நான் இந்த நான்காவதன் பக்கம் சாய்கிறேன். காரணம், முனைப் பகுதியில் பண்ணைகளுக்குப் பெயர் வைத்த பாங்கு. ‘வெல்தெவ்ரேடன்’ என்றால் மனநிறைவு. ‘நோய்ட்கெடாக்ட்’ என்றால் நினைத்தும் பார்க்காதது. கான்ஸ்டான்ஷியாவுக்குப் பக்கத்துப் பண்ணை ‘பெய்டன்வெர்வாக்டிங்’, எதிர்பார்ப்புக்கும் மேல். ‘வெர்கெலேகன்’ என்றால் தொலைவில் கிடப்பது. இது வான் டெர் ஸ்டெலின் மகன் வில்லெம் அட்ரியானின் பண்ணை. ஆளின் பெயரைவிட மனநிலையின் பெயரும் இடத்தின் குணமும் அங்கே அதிகம். இவற்றில் பல கான்ஸ்டான்ஷியாவுக்குப் பிந்தியவை, எனவே அவற்றை வைத்து முந்தியதை அளப்பதில் ஒரு பலவீனம் உண்டு. இன்னொரு காரணம், நான் மேலே நினைவில் வைக்கச் சொன்னது. தன் பெயரை ஊருக்கும் விரிகுடாவுக்கும் வைத்த மனிதர், வயதான காலத்தில் தான் ஒதுங்கி வாழப்போகும் இடத்துக்கு மட்டும் தன் பெயரை வைக்கவில்லை. அங்கே அவர் வேறு எதையோ சொல்ல விரும்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். 1699இல் பதவியை மகனிடம் விட்டுவிட்டு அங்கேயே குடிபோய், 1712 ஜூன் 24 அன்று அங்கேயே இறந்தார்.

பெயர் வைத்தவரே காரணத்தை எழுதிவைத்த காகிதம் ஏதும் கிடைக்காததால்தான் இத்தனை கதைகள். நம் ஊர்த் தலபுராணங்களைப் படித்தவர்களுக்கு இது பழக்கமானது. பெயர் முதலில் வரும். காரணம் மறந்துபோகும். பிறகு ஒலியைப் பிடித்துக்கொண்டு கதை வளரும். கதைக்கு ஒரு பெண்ணோ ஒரு முனிவரோ கிடைத்துவிட்டால் அது எளிதில் அழியாது.

இப்போது ரத்தத்தைப் பற்றிய கேள்வி. வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. சீமோன் 1639 அக்டோபர் 14 அன்று மொரீஷியஸை ஒட்டிய கடலில், கப்பலில் பிறந்தார் என்பார்கள். தந்தை அட்ரியான் வான் டெர் ஸ்டெல் மொரீஷியஸில் கம்பெனியின் தலைவர். அந்தத் தீவுக்குக் கரும்பைக் கொண்டுபோனவர் அவர்தான். இரண்டு நூற்றாண்டு கழித்து அந்தக் கரும்புக்காகத்தான் நம் மக்கள் அங்கே கப்பலேறினார்கள். அட்ரியான் பிறகு இலங்கைக்கு மாற்றப்பட்டு 1646இல் கண்டி அரசனின் படையால் கொல்லப்பட்டார். தாய் மரியா லீவன்ஸ். மரியாவின் தாய் மோனிகா, விடுதலை பெற்ற இந்திய அடிமைப் பெண். ஆக, கான்ஸ்டான்ஷியாவின் நிறுவனருக்கு ஓர் இந்தியப் பாட்டி இருந்தார் என்பது உறுதி.

அந்தப் பாட்டி தமிழச்சியா? அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. அவரை ‘மோனிகா ட கோஸ்தா’, அதாவது கடற்கரை மோனிகா என்றும், ‘கோவாக் கரை மோனிகா’ என்றும் குறிப்பிடுகிறார்கள். கம்பெனிக் காகிதங்களில் ‘கரை’ என்று மொட்டையாக எழுதினால் பெரும்பாலும் அது சோழமண்டலக் கரை. இதைப் பிடித்துக்கொண்டுதான் யாரோ தமிழ் ரத்தம் என்று கிளப்பியிருக்க வேண்டும். ஆனால் ஒரு தனிப் பெண்ணின் பெயரை அப்படி நீட்டிப் பொருள் கொள்ளக் கூடாது. அடிமைகளுக்கு ஒட்டிய ஊர்ப் பெயர் பல நேரம் பிறந்த ஊர் அல்ல, கப்பலேற்றப்பட்ட துறைமுகம். ‘மலபார்’ என்ற சொல்லும் ஏமாற்றும். அந்தக் கால ஐரோப்பியர்கள் தமிழரையும் மலபாரிகள் என்றார்கள், தமிழ் மொழியையே மலபார் மொழி என்றார்கள். மோனிகா எந்த மொழியில் தாலாட்டுப் பாடினார் என்பதைக் காகிதம் சொல்லவில்லை. பெருமைக்காக அதை நாம் நிரப்புவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதையும் அல்ல.

அதே 1685இல், கான்ஸ்டான்ஷியா மானியத்தில் கையெழுத்திட்ட அதே வாரங்களில், வான் ரீட் முனையின் அடிமைகளைப் பற்றிச் சில விதிகளையும் எழுதிவைத்தார். ஐரோப்பியத் தகப்பனுக்குப் பிறந்த அடிமை ஆண் 25 வயதிலும் பெண் 22 வயதிலும், டச்சு மொழியும் கிறிஸ்தவமும் கற்றிருந்தால், விடுதலை கோரலாம். ஐரோப்பியர் முழு அடிமைப் பெண்ணை, அதாவது ஐரோப்பியக் கலப்பில்லாதவளை, மணப்பது கூடாது. அடிமைப் பெண்ணின் பேரனுக்கு 280 வேலி, அடிமைப் பெண்களின் கல்யாணத்துக்குத் தடை. இரண்டும் ஒரே மை. இந்த இரண்டு காகிதங்களையும் அடுத்தடுத்து படித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

க்ரூட், க்ளைன் விஷயம் எளிது. டச்சில் க்ரூட் என்றால் பெரிய, க்ளைன் என்றால் சின்ன. பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் மாதிரி. வான் டெர் ஸ்டெல் இறந்தபின் பண்ணை மூன்று பங்காகப் பிரிந்து விலைபோனது: அவர் வீடு இருந்த க்ரூட் கான்ஸ்டான்ஷியா, க்ளைன் கான்ஸ்டான்ஷியா, பெர்க்ஃப்ளீட். ஆனால் ஒரு சிக்கல். அன்றைய ‘சின்ன’ பங்கு பிறகு ‘ஹோப் ஆப் கான்ஸ்டான்ஷியா’ என்று பெயர் மாறிவிட்டது. நீங்கள் இன்று பார்த்த க்ளைன் கான்ஸ்டான்ஷியா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பெரிய’ பங்கிலிருந்து மறுபடி பிரிந்தது. பெயர் பழையது, எல்லை புதியது. பழைய எழுத்துகளில் க்ளைன் கான்ஸ்டான்ஷியா என்று வந்தால் எந்தக் காலம் என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

வான் டெர் ஸ்டெலுக்குப் பின் வந்த உரிமையாளர்களைப் பற்றி வழிகாட்டிகள் அவசரமாகக் கடந்துபோவார்கள். நான் அங்கேதான் நிற்பேன். ‘பெரிய’ பங்கை வாங்கியவர் ஓலோஃப் பெர்க் என்ற ஸ்வீடன்காரர், கம்பெனிப் படைத் தலைவர். 1724இல் அவர் இறந்ததும் தோட்டம் மனைவி ஆன்னா டி கோனிங் கைக்கு வந்தது. ஆன்னாவின் தாய் பெயர் அங்கேலா வான் பெங்காலன், ‘வங்காளத்து அங்கேலா’. 1650களில் அடிமையாக முனைக்குக் கொண்டுவரப்பட்டு, யான் வான் ரீபெக்கின் வீட்டில் வேலை செய்து, பின்னர் விடுதலை பெற்றவர். அவருடைய மகள், தானும் அடிமையாகப் பிறந்தவள், 1734இல் இறக்கும்வரை தென்னாப்பிரிக்காவின் மிகப் புகழ்பெற்ற தோட்டத்துக்கு எஜமானியாக இருந்தாள். ஆன்னாவின் ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. அந்த முகத்தில் வங்காளத்துச் சாயலைத் தேடாமல் பார்க்க எந்த இந்தியராலும் முடியாது. ஆன்னாவும் அடிமைகளை வைத்திருந்தாள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘சின்ன’ பங்கிலும் இதே போன்ற ஒரு கதை. அங்கே யோஹன்னெஸ் கோலைன் என்பவர் 1720களிலிருந்து ஒயின் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழிலைக் கட்டி எழுப்பினார். அவருடைய தாய் மரியா எவர்ட்ஸ், கினியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு விடுதலையான தம்பதியின் மகள். கான்ஸ்டான்ஷியா ஒயின் என்ற பெயர் ஐரோப்பியச் சந்தையில் நிலைத்ததற்கு இந்த மனிதரின் உழைப்பு முக்கியக் காரணம். 1778இல் ஹென்றிக் க்ளூட்டி ‘பெரிய’ பங்கை வாங்கிப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனார் என்பது சரிதான். ஆனால் அவர் ஏறிய ஏணியை முன்பே கட்டியவர் கோலைன்.

அந்த ஒயின் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை. பெரும்பாலும் மஸ்கட் திராட்சை. பழுத்தபின்னும் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிடுவார்கள். வெயிலில் தோல் சுருங்கி, நீர் வற்றி, பாதி உலர்திராட்சை ஆகும். பிறகு பிழிந்தால் சாறு குறைவு, ஆனால் தேன் போல இனிப்பு. அடர்ந்த சிவப்புக்குப் ‘போந்தாக்’ என்ற கருந்திராட்சையும் சேர்ந்தது. அந்தப் பெயர் பிரான்சின் போர்தோவில் ஓ-ப்ரியோன் தோட்டத்தை வைத்திருந்த போந்தாக் குடும்பத்திலிருந்து வந்தது என்பார்கள். பெயர்கள் கொடியோடு சேர்ந்தே கப்பலேறும் என்பதற்கு நல்ல உதாரணம். கம்பெனியோ இந்த ஒயினில் ஒரு பங்கைத் தான் வைத்த விலைக்குத்தான் வாங்கும், மீதியை விற்கத்தான் க்ளூட்டிக்கு உரிமை. இதில் அவருக்கும் கம்பெனிக்கும் ஓயாத சண்டை. ஐரோப்பிய அரண்மனைகளில் இந்த ஒயினுக்குக் காத்திருந்தார்கள். செயின்ட் ஹெலினாவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்கும் இது போனது.

க்ளூட்டி 1791இல் கட்டிய ஒயின் அறையின் முகப்பை நான் ஒருமுறை போனபோது வெகுநேரம் நின்று பார்த்தேன். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். மேலே முக்கோணத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். கழுகின்மேல் ஒரு இளைஞன், கிரேக்கக் கதையில் தேவர்களுக்கு மது ஊற்றிக்கொடுக்கத் தூக்கிச் செல்லப்பட்ட கானிமீட். இரு பக்கமும் கொழுகொழுவென்று குழந்தைகள் புரண்டு விளையாடுகின்றன. ஆன்டன் ஆன்ரைத் என்ற சிற்பியின் வேலை என்பது பொதுவான கருத்து. ஊரைவிட்டு ஒரு பையனைத் தூக்கிக்கொண்டுபோய் ஊழியத்துக்கு வைத்த கதையை, அடிமைகள் பீப்பாய் உருட்டிய வாசலுக்கு மேலே செதுக்கியிருக்கிறார்கள்.

அங்கிருந்துதான் மூன்றாவது கேள்வி. நம்மவர்களுக்கு அந்த மண்ணில் பங்கு உண்டா? பொதுவாகச் சொன்னால் உண்டு. 1652 முதல் 1808 வரை முனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்தினர். வங்காளம், மலபார், சோழமண்டலம், இலங்கை எல்லாம் அதில் அடக்கம். 1659இல் தொடங்கி இரண்டு மூன்று வருடம் தஞ்சாவூர்ச் சீமையில் கடும் பஞ்சம். பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள், சிலர் சோற்றுக்காகத் தங்களையே விற்றுக்கொண்டார்கள். கம்பெனி அவர்களில் ஆயிரக்கணக்கானோரை நாகப்பட்டினத்தில் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியது. அந்த இடங்களிலிருந்து ஊர் திரும்பிய அதிகாரிகள் தங்களோடு கொண்டுவந்த அடிமைகளை முனையில் விற்றுவிட்டுப் போவது சாதாரணம். கேப்டவுன் பதிவேடுகளில் ‘வான் கோரமண்டல்’, அதாவது ‘சோழமண்டலத்து’, என்று முடியும் பெயர்கள் இப்படி வந்தவை. பெயரின் முன்பாதி ஞானஸ்நானப் பெயர், இல்லையேல் பிப்ரவரி, ஏப்ரல் என்று ஒரு மாதப் பெயர், இல்லையேல் டைட்டஸ், சீசர் மாதிரி ஒரு பழைய ரோமப் பெயர். தாய் வைத்த பெயர் இருக்காது. கான்ஸ்டான்ஷியாவின் கொடிகளை நட்டதும் வெட்டியதும் இப்படிப்பட்டவர்களின் கைகள். அவர்களோடு மடகாஸ்கர், மொசாம்பிக், ஜாவா மக்களும் இருந்தார்கள். 1834இல் சட்டப்படி விடுதலை. ஆனாலும் ‘பயிற்சிக் காலம்’ என்று 1838 வரை இழுத்தடித்தார்கள்.

பிற்காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். 1860களில் பிரிட்டன் கொடுத்துவந்த வரிச் சலுகை போனது, கொடிகளைச் சாம்பல் நோய் தாக்கியது, க்ளூட்டி குடும்பம் நொடித்தது. 1885இல் அரசாங்கம் தோட்டத்தை வாங்கிச் சோதனைப் பண்ணை ஆக்கியது. அடுத்த வருடமே ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி முனைக்கு வந்து பழைய கொடிகளை அழித்தது. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் எல்லாத் தோட்டங்களும் பிழைத்தன. ஆகவே பாட்டிலில் அச்சிட்டிருக்கும் 1685 என்பது நிலப் பத்திரத்தின் வருடம், கொடியின் வயது அல்ல. 1925 டிசம்பரில் வீடு தீயில் எரிந்தது. இன்று நீங்கள் பார்ப்பது அதற்குப்பின் சீரமைத்தது. 1993 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. பழைய இனிப்பு ஒயினை முதலில் மீட்டெடுத்தது பக்கத்து க்ளைன் கான்ஸ்டான்ஷியாதான், 1986 அறுவடையில். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் கான்ஸ்டான்ஷியாப் பள்ளத்தாக்கிலிருந்து கலப்பினக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த அடிமைகளின் வம்சாவளியினர் பலர் அவர்களில் இருந்தார்கள்.

அங்கே அடிமைகளைப் பற்றிய காட்சி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போனாலோ, தெரிந்தவர் யாராவது போனாலோ, அங்கே நிதானமாக நில்லுங்கள். ‘வான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் ஊர்ப் பெயர்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தி எழுத வேண்டாம். கம்பெனி எழுத்தர்களின் கையில் நாகப்பட்டினம் ‘நெகபட்னம்’ ஆகும், பழவேற்காடு ‘பாலியாகட்டா’ ஆகும், தூத்துக்குடி ‘டூட்டுகோரைன்’ ஆகும். கண்ணுக்குப் பழகாதவர்களுக்கு அவை நம் ஊர்கள் என்றே தெரியாது. படங்களை இங்கே போடுங்கள். படித்துச் சொல்கிறேன்.